ரோடு பைக்குக்கு ஏற்ற கிராங்க்செட் எது?

விடுமுறை நாள்களின் விடியற்பொழுதில் பெங்களூருவை அடுத்த நந்தி மலையிலும் புணேயை அடுத்த சிங்ககட் மலையிலும் ரோடு பைக்குகளில் ஏறிச் செல்வோரை இன்று எளிதில் காணலாம். உடல்நலம் கருதித் தொடங்கும் இப்பழக்கம் சில மாதங்களில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. "சமதளத்தில் வண்டி நன்றாக ஓடுகிறது, ஏற்றத்தில் முழங்கால் வலிக்கிறது. கிராங்க்செட்டை மாற்றிவிடலாமா? மாற்றுவதானால் எதை வாங்குவது?" வண்டியின் விலை மிகுந்த பாகங்களுள் கிராங்க்செட்டும் ஒன்று. ஆகவே வாங்கும் முன் சிறிது கணக்குப் பார்ப்பது பணத்திற்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

நான்கு வகைகள்

பெடல்களைத் தாங்கும் இரு கரங்கள், அவற்றை இணைக்கும் அச்சு, சங்கிலி ஓடும் முன் பற்சக்கரங்கள் ஆகியவை சேர்ந்ததே கிராங்க்செட். இரட்டைப் பற்சக்கரம் கொண்டவை அவற்றின் பற்களின் எண்ணிக்கையால் அறியப்படுகின்றன. 53/39 பற்கள் கொண்டது ஸ்டாண்டர்டு, 52/36 செமி காம்பாக்ட், 50/34 காம்பாக்ட், 46/30 அல்லது 48/32 சப் காம்பாக்ட்.

இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கூற இயலாது. ஏறும் சாலைக்கும் ஏறுபவரின் காலுக்கும் எது பொருந்தும் என்பதே கேள்வி.

ஏற்றத்தின் கணக்கு

முன் பற்களைப் பின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி நகரும் தொலைவு கிடைக்கும். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். பின்புறம் 28 பற்களில் சங்கிலி இருப்பதாகக் கொள்வோம். முன்புறம் 39 பற்களானால் வண்டி ஒரு சுற்றுக்கு 2.93 மீட்டர் நகரும். 36 ஆனால் 2.70, 34 ஆனால் 2.55, 30 ஆனால் 2.25 மீட்டர்.

செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் செல்பவர், 39 பற்களில் நிமிடத்திற்கு 51 முறை பெடலைச் சுற்றுவார். 34 பற்களில் 59 முறை. 30 பற்களில் 67 முறை. செய்யும் வேலை ஒன்றே. ஆயினும் சுற்று குறையுமளவுக்கு ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் தாங்கும் விசை கூடுகிறது. ஏற்றத்தில் நிமிடத்திற்கு 60 சுற்றுகளைக்கூட எட்ட இயலாதவருக்குச் சிறிய பற்சக்கரமே துணை.

"சிறியதை மாட்டினால் வேகம் போய்விடுமே" என்ற அச்சம் பலருக்கு உண்டு. பின்புறம் 11 பற்களில், நிமிடத்திற்கு 90 சுற்றுகள் மிதித்தால் 53 பற்சக்கரம் மணிக்கு 54.6 கி.மீ. தரும்; 50 பற்சக்கரம் 51.5 கி.மீ.; 46 பற்சக்கரம் 47.4 கி.மீ. இத்தகைய வேகம் பந்தய வீரர்க்கே அன்றாடத் தேவை. 200 கி.மீ. பிரெவே நெடும்பயணத்திற்கு வழங்கப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். ஓய்வு உட்படச் சராசரியாக மணிக்கு 15 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகச் சென்றாலே போதும்.

வாங்காமலே தீர்வு உண்டா?

இங்கேதான் பலர் வீண்செலவு செய்கின்றனர். முன்புறம் 34, பின்புறம் 28 பற்கள் தரும் விகிதம் 1.21. முன்புறம் 39 பற்களை வைத்துக்கொண்டு, பின்புறத்தில் 32 பற்கள் உள்ள கேசட்டை மாட்டினாலும் விகிதம் 1.22. வேறுபாடு காலுக்குத் தெரியாது. செலவோ பெரும்பாலும் குறைவு. பின் கியர் மாற்றி 32 பற்களை ஏற்குமா என்பதை மட்டும் அதன் தயாரிப்புக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கிலியின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும்.

மற்றொரு வழி, பற்சக்கரங்களை மட்டும் மாற்றுவது. பற்சக்கரத்தைப் பிடிக்கும் திருகுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 110 மி.மீ. ஆயின் 34 பற்கள் பொருந்தும். பழைய ஸ்டாண்டர்டு கிராங்க்குகளில் அது 130 மி.மீ.; அவற்றில் 38 பற்களுக்குக் கீழ் செல்ல இயலாது.

பொருத்தமும் நீளமும்

புதிய கிராங்க்செட்தான் வேண்டும் என முடிவானால், வண்டிச் சட்டகத்தின் பாட்டம் பிராக்கெட் எவ்வகை என்பதை முதலில் அறிக. மரையுள்ள பி.எஸ்.ஏ. வகையும், அழுத்திப் பொருத்தும் பி.பி. 86 போன்ற வகைகளும் உள்ளன. அச்சின் விட்டமும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும்: ஷிமானோவில் 24 மி.மீ.; ஸ்ராம் நிறுவனத்தின் டப் வகையில் 28.99 மி.மீ. பொருந்தாததை வாங்கினால் பேரிங்கும் கூடுதல் செலவாகும்.

கரத்தின் நீளம் பெரும்பாலும் 165 முதல் 175 மி.மீ. வரை கிடைக்கும். 170 மி.மீ. கரத்திலிருந்து 165 மி.மீ.க்கு மாறுபவர் இருக்கையை 5 மி.மீ. உயர்த்த வேண்டும். பெடல் உச்சிக்கு வரும்போது காலுக்கு மொத்தம் 10 மி.மீ. இடம் கூடுதலாகக் கிடைப்பதால் முழங்கால் மடங்குவது குறையும். உயரம் குறைந்தோர் இதனைக் கருதலாம்.

எடைக்காக மட்டும் விலை உயர்ந்த வகையை நாடுவது அவ்வளவு பயன் தராது. 150 கிராம் குறைந்தாலும், வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த 80 கிலோவில் அது 0.2 சதவீதத்தையும் எட்டாது.

பழையதை வாங்குவோர் கவனத்திற்கு

2019 ஜூலைக்கு முன் தயாரான 11 வேக அல்டெக்ரா, டியூரா ஏஸ் ஹாலோடெக் கிராங்க்குகளில், ஒட்டப்பட்ட பகுதிகள் பிரிந்து உடையும் வாய்ப்பு இருந்தமையால், 2023 செப்டம்பரில் ஷிமானோ நிறுவனம் அவற்றைப் பரிசோதனைக்கு அழைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் அவை சுமார் 7,60,000. இவ்வகையைப் பழையதாக வாங்குவோர், கரத்தின் உட்புறத்தில் பொறித்துள்ள ஈரெழுத்துக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் சோதித்த பின்னரே பணம் செலுத்துதல் வேண்டும். ஓடும் வண்டியில் கிராங்க் உடைந்தால் விழும் ஆபத்து உண்டு.

எனவே, முதலில் வழக்கமாக ஏறும் மலையில் நிமிடத்திற்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என எண்ணிப் பாருங்கள். அடுத்து கேசட், பிறகு பற்சக்கரம், அவையும் போதாவிடில் மட்டுமே கிராங்க்செட். இவ்வரிசையில் சென்றால் பணமும் வீணாகாது, மலையும் எளிதாகும்.