மக்காச்சோளமும் களையும்

புரட்டாசிப் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருப்பது கோவில்பட்டிக் கரிசல் குடியானவருக்குப் பழகிய காரியம். மழை இறங்கியதும் மக்காச்சோளம் முளைக்கிறது. களையும் உடன் முளைக்கிறது. முதல் மழையில் எழும் களையை உழுது அழித்துவிட்டு விதைக்கும் வசதி, புழுதி விதைப்பில் நமக்குக் கிடைப்பதில்லை. கோடை உழவு ஒன்றே அதற்கு ஓரளவு ஈடாகும்.

ஆளுயரம் வளரும் பயிரைச் சாரணையும் கோரையும் என்ன செய்துவிடும் என்று அங்கத்தினர் சிலர் கருதுகின்றனர். அது பிழை. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விட்டு நிற்கும் பயிர், இலை விரித்து நிலத்தை மூடும்வரை அந்த இடைவெளி களைக்கே சொந்தம். முதல் 45 நாட்களே போராட்டக் காலம். அதன்பின் களை பிடுங்கினால் புஞ்சை பார்வைக்கு அழகாகுமேயன்றி, சிறுத்த கதிர் பெருக்காது. பாவில் அறுந்த இழையை அப்போதே பிணைக்க வேண்டும் என்பதை அறிந்த நம் நெசவாளர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஜபல்பூர் களை ஆராய்ச்சி இயக்ககத்தார் 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டு மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 25 சதவிகிதம் களையால் போகிறது. நான்கு மூட்டையில் ஒரு மூட்டை! மானாவாரியில் களை முதலில் குடிப்பது மண்ணின் ஈரத்தை. சங்கக் கடனில் வாங்கி இட்ட யூரியாவிலும் அது பங்கு கொள்கிறது. கடனைத் தீர்ப்பவர் மட்டும் நாம்.

கரிசலுக்கென்று தனிச் சங்கடமும் உண்டு. ஐப்பசி அடைமழையில் மண் காலைக் கவ்வும். புஞ்சைக்குள் இறங்க இயலாது. வெயில் கண்டதும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். கூலி ஏறுகிறது, ஆளும் கிட்டுவதில்லை. ஆகவே 17, 18ஆம் நாளின் முதற் களையெடுப்புக்கு, அண்டைப் புஞ்சைக்காரர்கள் முறை வகுத்து ஒருவருக்கொருவர் ஆள் மாற்றிக்கொள்வது நலம். 40 நாள் கடந்ததும் இரண்டாம் கைக்களை.

கூலிக்கு அஞ்சி அட்ரசின் மருந்தை நாடுவோர் பலர். விதை முளைக்குமுன், மண் நனைந்திருக்கும்போது தெளித்தாலன்றி அது பயன் தராது. உலர்ந்த புழுதியில் தெளிப்பது வீண் செலவு. மற்றொன்றை மறத்தலாகாது. மக்காச்சோளம் அம்மருந்தைத் தன்னுள்ளே சிதைத்துத் தப்பிக்கொள்ளும்; உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் அந்த வல்லமை இல்லை. ஊடுபயிராக உளுந்து விதைத்தவர் அட்ரசினைத் தொடவே கூடாது. 1901 முதல் ஆராய்ச்சி நிலையம் நம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. புட்டியைத் திறக்குமுன் அங்குச் சென்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.