டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தொடரும் ஊசி

புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, நோயாளி வீட்டுக்கு வந்துவிட்டால் கண்டம் தாண்டியது என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆனால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து அதற்குப் பிறகும் சில வாரங்கள் நீடிக்கிறது. உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்தால், கட்டியை வென்றவர் உயிரிழக்க நேரலாம்.

புற்றுநோய்க்கும் ரத்த உறைவுக்கும் உள்ள தொடர்பை 1865இல் பாரிஸில் விரிவாக எடுத்துச் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் ட்ரூசோ. 1867இல் தன் உடம்பிலேயே அந்த உறைவைக் கண்டதும், தனக்குப் புற்றுநோய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதே ஆண்டு வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

புற்றுநோய்ச் செல்கள் சுரக்கும் பொருட்களே ரத்தத்தை உறையத் தூண்டுகின்றன. அதோடு அறுவையின் காயம், மயக்கத்தில் அசையாமல் கிடந்த நேரம், பிறகு படுக்கை. கெண்டைக்கால் தசை இயங்கினால்தான் ரத்தம் தங்கு தடையின்றி மேலேறும். ஆகவே, "ஆபரேஷன் ஆன உடம்பு, அசையாதீங்க" என்று பாசத்தோடு தடுப்பது நல்லதல்ல. மருத்துவர் அனுமதித்ததும் நடக்க வையுங்கள்.

நடையோடு, உறைவைத் தடுக்கும் எனாக்சபாரின் ஊசியும் உண்டு. அதை எத்தனை நாள் போடுவது? வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. சுமார் ஒரு வாரம் மட்டும் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு உறைவு. நான்கு வாரம் போட்டவர்களில் 4.8 சதவீதம்தான். பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் பரிசோதனையில் தெரிந்தவை இவை. ரத்தக்கசிவும் குறிப்பிடும்படி கூடவில்லை. இத்தகைய பெரிய அறுவைக்குப் பின் நான்கு வாரம் வரை தடுப்பு மருந்தைத் தொடரலாம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வது இதனால்தான். சிலருக்கு மாத்திரையும் உண்டு. சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கசிவு, குடற்புண் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்; அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

தொப்புளைச் சுற்றியுள்ள கொழுப்பில் போடும் சின்ன ஊசிதான். வார்டு நர்ஸிடம் ஒருமுறை பார்த்துப் பழகினால் வீட்டிலேயே போடலாம். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள்; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் உடனே 108ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே, "உறைவைத் தடுக்க மருந்து வேண்டுமா, எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.