செங்கடலில் சண்டை நடந்தா, உங்க ஓ.டி. ஏன் குறையுது?



போன மாசம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கத்தில் ஒரு டீக்கடையில் என் கிளையன்ட் ஒருத்தரைப் பார்த்தேன். வயசு 27, டிப்ளமோ முடிச்சவர், கார் பாகங்கள் செய்யும் ஒரு வெண்டர் கம்பெனியில் வேலை. கைக்கு 38,000 வரும். அதில் 10,000 ஓ.டி.யும் இன்சென்டிவும். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 16,500. "ஷிப்மென்ட் தள்ளிப்போகுதுன்னு ரெண்டு மாசமா ஓ.டி.யே இல்ல சார். எங்கயோ நடக்குற சண்டைக்கு என் சம்பளம் ஏன் சார் குறையணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் அவர் வேலை செய்யும் ரோட்டிலேயே இருக்கு.

கார் எங்கே போகுது?

ஹூண்டாய் இந்தியா 2024-25ல் விற்ற சுமார் 7.62 லட்சம் கார்களில் 1.63 லட்சம் ஏற்றுமதி. அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். சவுதி அரேபியா, தென் ஆப்பிரிக்கா, மெக்சிகோ, சிலி, பெரு எல்லாம் முக்கியமான சந்தைகள்.

இப்போ மேப்பைப் பாருங்க. சவுதியின் ஜெத்தா துறைமுகம் செங்கடல் கரையில் இருக்கு. நம்ம பக்கத்திலிருந்து போகும் கப்பல் பாப் எல் மண்டெப் நீரிணையைத் தாண்டித்தான் அங்கே போகணும். காசா போர் தொடங்கிய பிறகு, 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதிகள் அந்தக் கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலைக் கடத்தினார்கள். அது கார் ஏற்றும் கப்பல், வந்துகொண்டிருந்தது குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு. அதன் பிறகு பெரிய கப்பல் கம்பெனிகள் பல, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. ஐரோப்பா போக 10 முதல் 14 நாள் கூடுதல். கப்பல் லேட்டானா யார்டில் கார் நிக்கும். கார் நின்னா லைன் மெதுவாகும். லைன் மெதுவானா முதலில் வெட்டுப்படுவது ஓ.டி.தான்.

குண்டு வெடிக்காமலும் அடி விழும்

இந்தியா யார் பக்கமும் முழுசா சாய்வதில்லை. அமெரிக்காவோடு குவாட் அமைப்பில் இருக்கோம், ரஷ்யாவிடம் எண்ணெயும் வாங்குறோம். நாட்டுக்கு இது நல்ல பலன் தந்திருக்கு, ஆனா செலவும் உண்டு. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இன்னொரு 25 சதவீத வரி போட்டது. மொத்தம் 50. திருப்பூர் பனியனுக்கு அந்த அடி நேராக விழுந்தது. சுங்குவார்சத்திரத்தில் தயாராகும் ஐபோன் தப்பித்தது, ஏன்னா ஸ்மார்ட்போனுக்கு விலக்கு இருந்தது. கார் பாகங்களுக்குத் தனிக் கணக்கு, 25 சதவீதம். ஒரே மாநிலம், மூணு தலையெழுத்து. விகிதங்கள் அப்புறம் மாறின, இனியும் மாறும்.

அதே வருஷம் டிசம்பரில் மெக்சிகோ, வர்த்தக ஒப்பந்தம் இல்லாத நாடுகளிலிருந்து வரும் கார்களுக்கு வரியை 20லிருந்து 50 சதவீதமாக ஏற்றியது. பெரிய குறி சீனா. ஆனால் அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது ஒரு விஷயம். ஹூண்டாய்க்கு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு ஆலை இருந்தது. வருஷத்துக்கு 2 லட்சத்துக்கும் மேல் கார் செய்யும் ஆலை. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2024 தொடக்கத்தில் அது கைமாறிய விலை 10,000 ரூபிள், நம்ம காசில் சுமார் 9,000 ரூபாய். ரெண்டு வருஷத்துக்குள் திரும்ப வாங்கும் உரிமையோடுதான் விற்றார்கள், இருந்தாலும் அந்த விலையைப் பாருங்க. அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை.

இங்கே அப்படி ஆகும்னு நான் சொல்லவே இல்லை. நம்ம கார்களில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்கிறது, அது பெரிய பலம். ஆனா வெளியுறவுக் கொள்கை நம்ம கையில் இல்லை. நம்ம பேஸ்லிப் நம்ம கையில் இருக்கு.

நாலு வேலை செய்யுங்க

1. ஓ.டி.யை சம்பளமா எண்ணாதீங்க. நிலையான வருமானத்தில் 40 சதவீதத்துக்குள் மொத்த இ.எம்.ஐ. இருக்கணும். நண்பருக்கு ஓ.டி.யோடு பார்த்தா 43 சதவீதம். ஓ.டி. இல்லாம 28,000க்குப் பார்த்தா 59 சதவீதம்! பேங்க் கடன் கொடுக்குதுங்கறதுக்காக நம்மால் கட்ட முடியும்னு அர்த்தமில்லை.

2. ஆறு மாசச் செலவு தனியா. இ.எம்.ஐ.யோடு சேர்த்து மாசம் 26,000 செலவுன்னா 1,56,000. எஃப்.டி. அல்லது லிக்விட் ஃபண்டில் வையுங்க. உங்க லைனில் செய்வது பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகுதுன்னா ஒன்பது மாசம்.

3. எல்லாத்தையும் ஒரே ரோட்டில் வைக்காதீங்க. 2024ல் ஹூண்டாய் ஐ.பி.ஓ. வந்தபோது ஊழியர்களுக்குப் பங்குக்கு 186 ரூபாய் தள்ளுபடி கிடைத்தது. வாங்கினது தப்பில்லை. ஆனா சம்பளமும் அங்கே, ஷேரும் அங்கே, மனை ஒரகடத்தில் என்றால் மூணும் ஒரே நாளில் ஆட்டம் காணும். சொந்தக் கம்பெனி ஷேர் மொத்த முதலீட்டில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

4. சொந்தமா ஹெல்த் இன்ஷூரன்ஸ். வேலை போனா கம்பெனி பாலிசியும் கூடவே போயிடும். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்காம டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க.

நண்பர் என்ன செய்தார்? கடன் காலத்தை 15லிருந்து 20 வருஷமாக நீட்டக் கேட்டோம். இ.எம்.ஐ. சுமார் 14,500 ஆனது. மொத்த வட்டி 5 லட்சம் கூடும், அதனால் ஓ.டி. திரும்ப வந்ததும் அந்தப் பணம் நேரா அசலுக்குப் போகணும்னு பேச்சு. ஒரகடத்தில் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த 80,000 இப்போ எஃப்.டி.யில் இருக்கு.

"மனை விலை ஏறிடுமே சார்" என்று வருத்தப்பட்டார். ஏறட்டும். முதலில் இருக்கிற வீட்டைக் காப்பாத்துவோம்.

இன்னைக்கு ராத்திரி உங்க பேஸ்லிப்பை எடுங்க. ஓ.டி. வரியை அடிச்சுட்டு, மீதியில் குடும்பம் ஓடுமான்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.