மழைக்கு ஒதுங்கக் கூடாத மரம்

கரீபியக் கடல் பகுதியிலுள்ள பார்படோஸ் தீவின் கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டால், நனைந்தாலும் சரி, மஞ்சினீல் மரத்தடியில் மட்டும் ஒதுங்க வேண்டாம் என்று வெளியூராரிடம் உள்ளூரார் எச்சரிப்பர். ஆமணக்கும் கள்ளியும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்தின் பட்டை, இலை, காய் அனைத்திலும் ஊறும் வெண்பாலில் ஃபார்போல் எஸ்டர்கள் எனப்படும் எரிச்சலூட்டும் சேர்மங்கள் உள்ளன. இவை தோல் செல்களுக்குள் புகுந்து, அழற்சியைத் தொடங்கிவைக்கும் புரத கைனேஸ் சி என்னும் நொதியைத் தூண்டிவிடுவதால், இலைகளைக் கழுவிச் சொட்டும் மழைத்துளி பட்ட இடம்கூடச் சிவந்து கொப்புளமாகிறது. சிறிய பச்சை ஆப்பிளைப் போன்ற கனியோ இன்னும் வஞ்சகமானது. டொபாகோ தீவில் அதைக் கடித்துப் பார்த்த மருத்துவர் ஒருவர் 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய குறிப்பின்படி, முதலில் இனித்த அக்கனி பின்னர் மிளகுக் காரமாகித் தொண்டையை இறுக்கியது. வேதனை தணியச் சுமார் 8 மணி நேரம் ஆயிற்று. வெட்டி எரித்துவிடலாமே எனில், அதன் புகையும் கண்ணைத் தாக்கும். தவிரவும், கரை மணலை அரிப்பிலிருந்து காப்பதில் இம்மரத்தின் வேர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வளையம் தீட்டியோ பலகை வைத்தோ அடையாளமிடுகின்றனர். அக்குறி இல்லாத மரங்களும் உண்டு.