22-க்கும் 29-க்கும் நடுவே

கூத்தாநல்லூரில் சித்திரை பிறந்தால் இரண்டு புலம்பல்கள் சேர்ந்தே கேட்கும். ஒன்று வெயில். மற்றொன்று, "கொசு மருந்து கேட்கவே மாட்டேங்குது." இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: பூச்சியின் நரம்பிலுள்ள சோடியம் கால்வாய். சோடியம் அயனிகளை உள்ளே விடுகிற புரதக் கதவு அது. அந்தக் கதவின் மரபணுவில் ஒரு பிறழ்வு வந்தால் பூச்சிக்கு என்ன வரவு, என்ன செலவு என்பதை எண்களாகவே பார்த்துவிடலாம்.

1971-இலிருந்து தொடங்கலாம். டேவிட் சுசுகி குழுவினர் கனடாவில் பழ ஈக்களில் ஒரு பிறழ்வைக் கண்டார்கள். 22 டிகிரி செல்சியஸில் அந்த ஈ மற்ற ஈக்களைப் போலவே நடக்கும், பறக்கும். 29 டிகிரிக்குக் கொண்டுபோனால் அசைவற்று விழும். திரும்ப 22-க்குக் கொண்டுவந்தால் எழுந்து நடக்கும். சாதாரண ஈக்கு 29 ஒரு சூடே இல்லை. நம் டெல்டாவில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பகல் வெப்பம் அதைத் தாண்டிவிடுகிறது. அந்த ஈ இங்கே பிறந்திருந்தால் வெயில் ஏறியதும் கீழே கிடக்கும். 'பாரா' என்று பெயரிடப்பட்ட அந்த மரபணு சோடியம் கால்வாய்க்கு உரியது என்பது 1989-இல் உறுதியானது.

இதில் இந்தியப் பங்கு பெரியது. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒபைத் சித்திகி, அமெரிக்காவின் செய்மோர் பென்சருடன் சேர்ந்து, சூட்டில் முடங்கும் மூன்று பிறழ்வுகளின் நரம்புத் துடிப்புகளை அளந்து 1976-இல் வெளியிட்டார். மூன்றில் 'பாரா' மட்டுமே கால்வாய்க் கோளாறு. மற்ற இரண்டும் நரம்பு முனையில் செய்தியை அடுத்த செல்லுக்குக் கைமாற்றும் புரதங்களின் கோளாறுகள் என்று பின்னாளில் தெரிந்தது. சூட்டில் விழும் ஈ எல்லாம் கால்வாய் கெட்ட ஈ அல்ல.

சூட்டில் ஏன் விழுகிறது? 10 டிகிரி கூடினால் கதவுகள் திறந்து மூடும் வேகம் ஏறக்குறைய 3 மடங்காகும். 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் தங்கள் நரம்புச் சமன்பாடுகளில் வைத்த எண் இதுதான். மதகுகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. மதகுகளின் எண்ணிக்கையே குறைவென்றால் கேட்கவே வேண்டாம். 'நாப்' என்ற பிறழ்வில் நடப்பது அதுதான். சோடியம் கால்வாய்கள் குறைந்துபோய், 37.5 டிகிரியில் நரம்பு பேசாமல் போகிறது.

மற்ற கால்வாய்களுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. பொட்டாசியம் கால்வாய் கெட்ட 'சீஷர்' ஈ 38 டிகிரியில் முடங்குகிறது. 'பைரெக்ஸியா' என்ற வெப்பக் கால்வாயை இழந்த ஈக்களை 40 டிகிரியில் வைத்தபோது 3 நிமிடத்துக்குள் 60 சதவீதம் முடங்கின. கால்வாய் உள்ளவற்றில் 9 சதவீதம்தான். இது 2005-இன் கணக்கு.

இனி கொசு மருந்து. கடையில் வாங்கும் திரவக் கொசுவிரட்டிப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். டிரான்ஸ்ஃப்ளூத்ரின் 0.88 சதவீதம் என்றோ 1.6 சதவீதம் என்றோ பொடி எழுத்தில் இருக்கும். அது பைரித்ராய்டு குடும்பம். இந்தக் குடும்பத்து விஷம் சோடியம் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளிரில் அந்தப் பிடி நீடிக்கிறது, சூட்டில் தளர்கிறது. அதனால் பல பூச்சிகளில் இம்மருந்து மார்கழியில் வேலை செய்கிற அளவுக்குச் சித்திரையில் செய்வதில்லை.

இதன்மேல் பிறழ்வும் சேர்கிறது. கால்வாய்ப் புரதத்தின் 1014-ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், மலேரியாக் கொசுவின் மரபெழுத்தில் அது டி-டி-ஏ. கடைசி எழுத்து டி ஆனால் அங்கே ஃபினைல்அலனின் உட்காரும், விஷத்தின் பிடி நழுவும். இந்தியாவின் மலேரியாக் கொசுக்களிலும் இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. கொசுவுக்கு இது வரவு. செலவு என்ன? இதே பிறழ்வு கொண்ட வீட்டு ஈக்களை, ஒரு முனை குளிராகவும் மறுமுனை வெதுவெதுப்பாகவும் இருந்த தடத்தில் விட்டுப் பார்த்தார்கள். சாதாரண ஈக்கள் வெதுவெதுப்பைத் தேடிப் போயின. பிறழ்ந்தவை எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. விஷத்திலிருந்து தப்பியவை இதமான இடத்தைத் தேடும் நாட்டத்தை இழந்திருந்தன. 2003-இல் வந்த இந்த முடிவைத்தான் இந்தக் கணக்கின் மிக முக்கியமான வரியாக நான் நினைக்கிறேன். மருந்தை நிறுத்தி வைத்தால், இப்படிச் செலவு சுமக்கும் பூச்சி சாதாரணப் பூச்சியிடம் தோற்க வாய்ப்பிருக்கிறது. மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் அதற்குப் போட்டியே இல்லாமல் செய்துவிடுகிறோம்.

வயலிலும் இதே குடும்பத்து மருந்துகள் கைக்கு எட்டுகின்றன. சம்பா நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தால் பைரித்ராய்டைத் தவிர்க்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிவருகிறது. அடித்தால் புகையான் திரும்பப் பெருகும். காரணங்களில் ஒன்று, இயற்கை எதிரிகள் முதலில் சாவது. மருந்தடிக்கப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் வரம்பு: தூருக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2. ஒரு குத்தில் 15 தூர் என்றால், சிலந்தி இல்லாத குத்தில் 15 பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி உள்ள குத்தில் 30 வரை. ஒரு சிலந்தி 15 பூச்சிக்குச் சமம்.

மருந்து கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். வீட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், வலை கட்டுங்கள். வயலில் குத்தைச் சாய்த்துத் தட்டி, தண்ணீரில் விழும் புகையானையும் சிலந்தியையும் எண்ணிவிட்டு, பைரித்ராய்டு அல்லாத மருந்து தேவையா என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.