11 அடிக்குள் ஒரு கச்சேரி

மார்கழிக் கச்சேரிகளின் அட்டவணை வெளிவரத் தொடங்கியதும், அபிமான வித்வானை முன்வரிசையில் அமர்ந்து கேட்பதற்கும் அதே கச்சேரியை நல்ல ஒலிப்பதிவில் கேட்பதற்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது அது ரசிகரின் பக்தி மட்டும்தானா என்ற கேள்வி எழுகிறது. முன்வரிசை அனுபவத்தையே காதுக்குள் கொண்டுவந்துவிட்டதாக ஹெட்போன் விளம்பரங்கள் சொல்கின்றன. வேறுபாடு உண்டு, அதை அளக்கவும் முடியும். ஆனால் அது விளம்பரங்கள் காட்டும் இடத்தில் இல்லை.

அரங்கில் அமர்ந்தவரின் செவியை இரண்டு ஒலிகள் அடைகின்றன. வாத்தியத்திலிருந்து நேராக வரும் நேரொலி, தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. சுவர்களிலும் கூரையிலும் பலமுறை பட்டுத் திரும்பும் எதிர்முழக்கமோ அரங்கெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பி நிற்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தை மாறுநிலைத் தொலைவு என்கிறார்கள். 5000 கன மீட்டர் கொள்ளளவும், ஒலி நின்றபின் 60 டெசிபல் தணிய 1.5 வினாடியும் கொண்ட அரங்கில், எல்லாத் திசைகளிலும் சமமாக ஒலிக்கும் ஒரு மூலத்துக்கு அத்தொலைவு சுமார் 3.3 மீட்டர், அதாவது 11 அடி. அதைப்போல் நான்கு மடங்கு தள்ளி அமர்ந்தவருக்கு நேரொலி, எதிர்முழக்கத்தில் பதினாறில் ஒரு பங்குதான்.

தாளிப்பின் மணம் இதை நன்றாக விளக்கும். அடுப்பருகே நிற்பவர் கடுகு வெடிப்பதையும், உளுத்தம்பருப்பு சிவப்பதையும், கறிவேப்பிலை விழுவதையும், பெருங்காயம் பொரிவதையும் வரிசை மாறாமல் தனித்தனியே முகர்கிறார். கூடத்தில் இருப்பவருக்கோ நான்கும் கலந்த ஒரே மணம்தான் வருகிறது, அவர் அடுத்த அறைக்கு நகர்ந்தாலும் அது அதிகம் மாறுவதில்லை. அடுப்பை நெருங்கி வரும்போது ஓர் எல்லைக்குள் நுழைந்த பிறகே அந்த வரிசை புலப்படத் தொடங்குகிறது. ஜன்னல்களைத் திறந்துவிட்டால் வீட்டில் தேங்கும் மணம் குறைந்து அந்த எல்லை விரிவடையும். அரங்கில் ஜன்னலின் வேலையைச் செய்பவை திரைச்சீலைகளும், மெத்தை இருக்கைகளும், உடுத்திய துணியோடு அமர்ந்திருக்கும் ரசிகர்களுமே என்பதால், நிறைந்த அவையில் நேரொலியின் ஆட்சி இன்னும் சில அடிகள் நீள்கிறது.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பாக் அருங்காட்சியகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சீர்செய்யப் பணிக்கப்பட்ட இயற்பியலாளர் வாலஸ் சபைன், வேறோர் அரங்கின் மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, அவை கூடக்கூட எதிர்முழக்கம் குறையும் கணக்கைக் கண்டறிந்தார். ஒலியை உட்கொள்ளும் திறனுக்கு அவர் வைத்த அளவுகோலும் திறந்த ஜன்னலின் பரப்புதான்.

இந்த 11 அடி எல்லையின் அருமை மிருதங்கத்தில் தெரியும். சாதாரணத் தோல்கருவியின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவிலுள்ள கரணை என்னும் கரும்பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்துவதை 1920இல் நேச்சர் இதழில் எழுதிய சி.வி. ராமன், ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்வதைப் பின்னர் விரிவாகக் காட்டினார். மிருதங்க வித்வான் வலந்தலை அவையை நோக்கும்படி பக்கவாட்டில் அமர்வதால், அந்தச் சுரங்கள் முன்வரிசைக்கு நேராக வருகின்றன. வினாடிக்கு 10 மிருதங்கச் சொற்கள் விழும் வேகத்தில், பின்வரிசை ரசிகர் கேட்கும் ஒவ்வொரு சொல்லின் மேலும் அதற்கு முந்தைய 15 சொற்களின் எச்சம் படிந்திருக்க, 11 அடிக்குள் இருப்பவரோ விரல் தோலைத் தொடும் கணத்தைத் தெளிவாகக் கேட்கிறார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றதை இந்தப் பின்னணியில் காண்பது தகும்.

மைக் இருந்தாலும் முன்வரிசை தன் உரிமையை முற்றிலும் இழப்பதில்லை. 4 மீட்டர் தொலைவிலுள்ள வித்வானின் ஒலி, 9 மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கரின் ஒலியைவிட ஏறத்தாழ 15 மில்லிவினாடி முந்தி வருகிறது. இத்தகைய சிறு இடைவெளியில், பிந்தி வருவது ஓரளவு உரத்திருந்தாலும் முந்தி வந்த திசையையே செவி ஏற்கும் என்பதை 1949இல் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வேட்டில் காட்டினார். ஆகவே ஒலியின் பெரும்பகுதி ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும், பாட்டு வித்வானிடமிருந்தே வருவதாக முன்வரிசையில் இருப்பவர் உணர்கிறார்.

ஒலிப்பதிவு மைக் வாத்தியத்துக்கு ஒரு சாண் அருகில் நிற்பதால் கூடுதல் துல்லியம் தருகிறது என்பது உண்மையே; ஆயினும் தோலின் வெவ்வேறு அதிர்வுகள் வெவ்வேறு திசைகளில் பரவி, சற்றுத் தள்ளித்தான் ஒன்றுசேர்கின்றன, அந்தச் சேர்க்கையை ஒரு சாண் தூரத்தில் பிடிக்க முடியாது. முன்வரிசைதான் எப்போதும் சிறந்தது என்ற நம்பிக்கையும் மிகையே; பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் சீராகக் கலந்து கேட்க வேண்டுமென்பவருக்கு நடுவரிசையே ஏற்றது. வித்வானின் விரல்களையே கேட்க விரும்புபவர், விலையுயர்ந்த ஹெட்போனுக்குச் செலவிடுவதைவிட, எதிர்முழக்கம் விரைவில் அடங்கும் சிறிய கூடத்தில் மைக் இல்லாமல் நடக்கும் கச்சேரியைத் தேடிப்போய் ஜமுக்காளத்தில் முன்னால் அமர்வது மேல்.