மண் வந்து சேராத துருத்து

தஞ்சைக்கு அண்மையில் திருப்பூந்துருத்தி என்றோர் ஊர் உண்டு. மாயூரத்தை அடுத்த குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி என்பதும் நம் அன்பர்கள் பலர் அறிந்ததே. துருத்தி என்பது ஆறு கொணர்ந்த மண் நீர் நடுவே மேடிட்டு உண்டான நிலம். ஆற்றிடைக்குறை என்றும் அதனை வழங்குவர். மலையாள நாட்டில் குடியேறி வாழும் நாம் இங்கே அடிக்கடி கேட்கும் 'துருத்து' என்ற சொல்லும் அதுவேயன்றி வேறன்று.

இரயில்வேயில் எழுத்துவேலை பார்ப்பவர்க்கு நிலையங்களின் பெயர்கள் மனப்பாடம். ஊர்களோ பெரும்பாலும் காணாதவை. தம்பானூரினின்று வடக்கே செல்லும் வண்டி கொல்லத்தைக் கடந்தபின் வருவது பெரிநாடு, அதற்கடுத்தது மன்றோத்துருத்து. விரைவு வண்டிகளுள் பெரும்பாலானவை அங்கு நில்லா. பல்லாண்டுகளாக அப்பெயரைத் தாளில் எழுதிவந்தும் அங்கு இறங்கியதில்லை. உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அவ்வூரினர். கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் அழைக்க, உடன் சென்றோம்.

பெரிநாட்டுக்கு அப்பால் வண்டி அஷ்டமுடிக் காயலின் மேல் பெருமண் பாலத்தைக் கடக்கிறது. 1988ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் ஐலண்டு எக்ஸ்பிரஸ் காயலில் வீழ்ந்து 105 பேர் மாண்ட இடம் அது. சுழற்காற்றே காரணம் என்று அக்காலத்தில் அறிக்கை எழுதப்பட்டது. அதனை நம்பியவரை நாம் இதுவரை சந்தித்ததில்லை. பாலத்தில் ஏறியதும் பெட்டியில் இருந்த முதியவர் ஒருவர் பேச்சை நிறுத்திக் கைகூப்பினார்.

கல்லடையாறு காயலில் கலக்கும் இடத்தில் சிறுசிறு துருத்துகள் எட்டு சேர்ந்ததே இவ்வூர். பரப்பு ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர். மக்கள் பத்தாயிரத்தையொட்டி இருப்பர். பெயரில் உள்ள மன்றோவைச் சென்னையில் தீவுத்திடலருகே குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ என்று நம்மவர் பலர் எண்ணிவிடுவர். அவர் சென்னை மாகாணத்துக் கவர்னர். இவரோ கர்னல் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்தவர், இடையில் சில ஆண்டுகள் திவான் பதவியையும் வகித்தவர். இவர் காலத்தில் இங்கு தோடுகள் வெட்டப்பட்டன என்பர். தோடு என்றால் காதில் அணிவதன்று, வாய்க்கால். அத்தோடுகளே இன்றும் இவ்வூரின் தெருக்கள். பிள்ளைகள் பள்ளி செல்வதும், கல்லும் சிமெண்டும் வந்து சேர்வதும் வள்ளத்தில்தான்.

இத்துணைச் சிறிய தீவுக்குத் தனி ஆட்சி உண்டென்பது நம்மை வியப்பில் ஆழ்த்தியது. பிலிப்பைன்ஸ் நாட்டில் சிறு தீவூருக்கும் முனிசிபாலிட்டி என்றே பெயர். இங்கு கிராமப் பஞ்சாயத்து. 1994ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டமும், 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமும் கேரளத்தின் சிற்றூர் மன்றங்களுக்குப் பணமும் அதிகாரமும் அளித்தன. வார்டு தோறும் கிராமசபை கூடுகிறது. நடைபாதையை உயர்த்தலாம், சிறுபாலம் கட்டலாம், வீட்டுக்கு உதவித்தொகை வழங்கலாம். நம் ஊர்ப்பக்கத்துச் சிற்றூர் மன்றங்களை நினைத்துச் சிறிது பொறாமையும் கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

ஆனால் நண்பரின் இல்லத்தை அடைந்தபோது அப்பொறாமை அகன்றது. முற்றத்தில் கணைக்கால் அளவு நீர். மழை பெய்யவில்லை, ஆறும் பெருகவில்லை. நீண்டகரை முகத்துவாரத்தின் வழியே கடல் ஏறிவந்த நீர் அது. இதனை வேலியேற்றம் என்கின்றனர். விருச்சிகம், அதாவது நம் கார்த்திகை, பிறந்தால் மிகும். முன்பு கரையைத் தொட்டுத் திரும்பிய நீர் இப்போது அடுக்களைக்குள் புகுகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்துப் பூச்சு உதிர்ந்திருந்தது. தரையை இருமுறை உயர்த்தியதில் வாயிற்படி மறைந்துவிட்டது. நாம் தலை குனிந்தே உள்ளே சென்றோம். நீர் ஏறினால் கழிப்பிடம் பயன்படாது. நோயாளியைக் கட்டிலோடு வள்ளத்தில் ஏற்றவேண்டும். இவ்வூருக்குப் பெண் கொடுக்கவே தயங்குகின்றனர் என்றார் நண்பர். தாமே மனைவி மக்களுடன் கொல்லத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். இவ்வாறு வெளியேறிய குடும்பங்கள் பல. அன்னையார் மட்டும் வர மறுத்துவிட்டார்.

இந்நிலை ஏன் வந்தது? 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னரே நிலம் தாழ்ந்தது என்பார் உண்டு. உலகெங்கும் கடல்மட்டம் உயர்வதைக் காட்டுவார் உண்டு. ஆற்றில் மணல் வாரியதைப் பழிப்பவரும் உண்டு. நம் துறையையும் விட்டுவைக்கவில்லை. வண்டிகளின் அதிர்வால் பொதுபொதுத்த மண் அமிழ்கிறது என்று ஒருவர் நம் முகத்துக்கு நேரே சொன்னார். மறுக்க வாயெடுத்தோம், அதற்குள் ஒரு சரக்கு வண்டி கடந்து சென்றது. சன்னல் கதவு நடுங்கியதைக் கண்டபின் ஒன்றும் சொல்லவில்லை.

எனினும் ஊரார் பலரும் முதற்காரணமாகக் கூறுவது தென்மலை அணையை. இங்குதான் இச்செய்தி நம்மவர் வாசலுக்கு வருகிறது. கொல்லத்தினின்று செங்கோட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், 1904 முதல் நம் பாட்டனார் பயணம் செய்த அப்பாதையில், பதின்மூன்று கண் பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழாத குடும்பம் நம்மில் உண்டா? அம்மலைகளில் பிறப்பதே கல்லடையாறு. 1961இல் தொடங்கிய கல்லடை நீர்ப்பாசனத் திட்டத்தின் அணை தென்மலையில் 1986இல் நிறைவுற்றது. கொல்லம், பத்தனம்திட்டை, ஆலப்புழை மாவட்டங்களின் வயல்களுக்கு நீர் தருவது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் ஆறு நீரை மட்டுமா கொணர்ந்தது? ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வண்டலும் வந்தது. அவ்வண்டல் படிந்து துருத்தின் மேனி ஒவ்வோராண்டும் சிறிது ஏறியது. அதனோடு நிலத்தின் உப்பும் கழுவப்பட்டது. முன்பெல்லாம் வெள்ளத்தை எதிர்நோக்கி இருந்தனர் என்று அன்னையார் சொன்னபோது முதலில் நமக்கு விளங்கவில்லை. இன்று அம்மண்ணின் பெரும்பகுதி அணைக்குப் பின்னால் தங்குகிறது. மண் வராத துருத்து தன் எடையாலேயே சிறுகச் சிறுக இறங்குகிறது, கடலோ ஏறுகிறது. நெல் போயிற்று. தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரித்த தொழிலும் நலிந்தது. இறால் வளர்ப்பும், வெளியூர் மக்களை வள்ளத்தில் ஏற்றித் தோடுகளைச் சுற்றிக் காட்டுவதும் இப்போது பிழைப்பு. வீழும் வீட்டையும் சிலர் படம் பிடித்துச் செல்கின்றனர்.

பஞ்சாயத்து என் செய்யும்? நடைபாதையை உயர்த்துகிறது, உயர்த்திய பாதை இரண்டொரு கார்த்திகை தாங்குகிறது. வண்டல் விடுமாறு மலையிலுள்ள அணைக்கு ஆணையிட அதற்கு அதிகாரம் இல்லை. வேறொரு முடிச்சும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, கேரளக் காயல் தீவுகளில் உயர் அலைக்கோட்டினின்று 50 மீட்டர் தள்ளியே புது வீடு எழுப்பலாம். இருபுறமும் தோடு ஓடும் துண்டு நிலத்தில் 50 மீட்டருக்கு எங்கே போவது? 2019ஆம் ஆண்டு அறிவிக்கை அதனை 20 மீட்டராகக் குறைத்தது. அலைக்கோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் எங்கிருந்து அளப்பது என்று நண்பர் வினவினார். எழுத்தராகிய நமக்கே விடை தெரியவில்லை.

பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சொன்னோம் அல்லவா? 2013 அக்டோபரில் போஹோல் தீவை நிலநடுக்கம் உலுக்கியபின், துபிகோன் முனிசிபாலிட்டியைச் சேர்ந்த சில சிறு தீவுகள் தாழ்ந்து, பேரலை நாள்களில் நீரில் மூழ்கலாயின. பெருந்தீவில் குடியேற்றுகிறோம் என்று அரசு அழைத்தும் மீனவர் பெரும்பாலோர் போகவில்லை. பவளக்கல்லை இட்டுத் தரையை உயர்த்தி அங்கேயே இருந்தனர். அவர்களை முன்பு படித்தபோது பிடிவாதக்காரர் என்று எண்ணியிருந்தோம்.

அன்னையாரிடமும் நாம் அதையே கேட்டோம்: "அம்மா, மகனுடன் கொல்லத்தில் இருக்கலாமே?"

"மகனே, நீ உன் ஊரை விட்டு வந்தாய். ஊர் அங்கேயே இருக்கிறது. திருவிழாவுக்குப் போகிறாய், வருகிறாய். நான் வெளியேறினால் திரும்பிப் பார்க்க என்ன இருக்கும்?" என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை செங்கோட்டை வண்டியில் ஏறும்போது, போகும் ஊர் அங்கே இருக்கும் என்பதை நாம் ஒருநாளும் ஐயுற்றதில்லை.

ஓணம் கழிந்த இருபத்தெட்டாம் நாள் கல்லடையாற்றில் நடக்கும் வள்ளப்போட்டிக்கு வெளியேறியவரும் வந்து கூடுவர், அன்று வீட்டில் இடம் போதாது என்று சொல்லிக்கொண்டே அன்னையார் துணிப்பையில் நான்கு தேங்காய் இட்டுத் தந்தார். உப்பேறிய மண்ணில் விளைந்த அவை கைக்குள் அடங்கும் அளவே இருந்தன. மாலை வண்டிக்காக நிலையம் நோக்கி நடந்தபோது நீர் மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். வாயில்வரை வந்த அன்னையார், பொங்கலுக்கு ஊருக்குப் போவாயா என்று கேட்டார். போவோம் என்றோம்.

"தென்மலை வழியாகத்தானே? அணை நிறைந்திருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்."